வானத்தில் ஓர் ஊக்கு

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே ஒரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது. அங்கே பதினேழு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவள் பேட்ரிசியா. வேலை நேரத்தில் அவள் பேசுவது மொத்தம் மூன்றே வாக்கியங்கள். மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. மூச்சு விடலாம். இந்த மூன்றைத் தாண்டி அவளிடமிருந்து ஒரு நாலாவது வாக்கியத்தை வாங்கியவர்கள் ஊரில் அதிகம் இல்லை.

அவள் மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. அதற்குள் இருப்பது முழுக்க ஊக்கு. இடையிடையே கொண்டை ஊசி, திருகு தொலைந்த தோடு, ஒரு பித்தளைத் தாயத்து. எல்லாம் படம் எடுக்கும்போது கழற்றி வைத்துவிட்டு, மறந்துபோய்க் கிளம்பியவர்களின் சொத்து. தாலிச் சங்கிலியில் ஊக்கு கோத்துக்கொள்ளாத பெண்ணை அவள் இதுவரை பார்த்ததில்லை. முந்தானைக்கு ஒன்று, ரவிக்கைக் கொக்கி விட்டுப்போனால் ஒன்று, அவசரத்துக்கு யாராவது கேட்டால் கொடுக்க ஒன்று. ஜீயபுரத்திலிருந்து வந்த மயிலம்மாள் என்பவர் பதினொன்று வைத்திருந்தார். வேறொரு இடத்தில் முதலில் எடுத்த படத்தில் அது நெஞ்சுக்குள் மீன்முள் கிடப்பதுபோல விழுந்திருந்தது. பாவம், அவர் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு வந்திருந்தார். அந்தப் பதினொன்றும் இப்போது டின்னில்தான்.

தாலியைக் கழற்றச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பேட்ரிசியா கழற்றச் சொல்வதே இல்லை. மேலே தூக்கி வாயில் கவ்விக்கொள்ளச் சொல்லிவிடுவாள். தாலியும் இறங்காது, பேச்சும் எழாது. ஆண்கள் விஷயம் வேறு. அவர்கள் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்வார்கள். மேல உத்தர வீதி பீமராவ் அப்படித்தான் சொன்னார். படத்தில் அவர் வயிற்றுக்கு மேலே ஒரு சாவி தெரிந்தது. அப்பா சாவியை விழுங்கிவிட்டார் என்று அவர் மகன் அலறியபோது, பேட்ரிசியா உள்ளே போய் அவருடைய பூணூலை இழுத்துப் பார்த்தாள். நுனியில் பீரோ சாவி தொங்கியது.

பதினேழு வருடத்தில் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டாகியிருந்தது. படத்தில் புதிதாக ஏதாவது தெரிந்தால் முதலில் சட்டையைப் பார்க்க வேண்டும். உடம்பைப் பற்றிக் கவலைப்படுவது அதற்குப் பிறகு.

இந்தச் சட்டத்தினால்தான் அவளுக்கும் தம்பிக்கும் தகராறு.

தம்பி பிரவீன்ராஜும் எக்ஸ்ரேதான் பார்க்கிறான். ஆனால் அவனுடைய நோயாளி இருபத்து நாலு கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. பெர்சியஸ் என்று பெயர். ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் பெரிய கொத்து. அவற்றுக்கு நடுவே கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் வாயு பரவிக் கிடக்கிறது. அந்தச் சூட்டில் அது எக்ஸ்ரேயாகவே ஒளிர்கிறது. அதில் இரும்பு இருந்தால் இரும்புக்கு உரிய ஆற்றலில் ஒரு மேடு, கந்தகம் இருந்தால் கந்தகத்துக்கு ஒரு மேடு என்று வரைபடத்தில் எழும். எந்த மேடு யாருடையது என்பதற்கு அட்டவணையே இருக்கிறது.

2014-ஆம் வருடம், இதுபோன்ற எழுபத்து மூன்று கொத்துகளின் எக்ஸ்ரேயை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்த சிலருக்கு, மூன்றரை கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் என்ற இடத்தில் ஒரு சின்ன மேடு தென்பட்டது. அட்டவணையில் அந்த இடத்துக்குப் பொருத்தமான சொந்தக்காரர் யாரும் இல்லை. உடனே பெரிய சந்தேகம் கிளம்பியது. கண்ணுக்குத் தெரிகிற பொருளின் எடையை மட்டும் கணக்கில் எடுத்தால் அந்தக் கொத்துகள் எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். தெரியாத ஏதோ ஒன்று அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கிறது. அதற்குக் கரும்பொருள் என்று பெயர் வைத்தாயிற்று. பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை. ஒருவேளை அந்தக் கரும்பொருளின் துகள் ஒன்று உடையும்போது வரும் வெளிச்சம்தான் இந்த மூன்றரையோ?

பிரவீன்ராஜ் இதில்தான் விழுந்தான். திருச்சியில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, எடமலைப்பட்டி புதூர் வீட்டின் நடு அறையில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, நாலு வருடமாக அந்த ஒரு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும். பலகை வந்த பிறகு பேட்ரிசியா துணி மடிப்பது சமையலறைக்கு மாறிவிட்டது.

அவன் முதன்முதலில் அந்த மேட்டைக் காட்டியபோது அவள் சொன்னது இரண்டு விஷயம். நெஞ்சுப் படத்துக்கு அவள் மெஷினில் நூற்றுப் பத்து கிலோ வோல்ட் வைப்பாள். மூன்றரை எல்லாம் தோலைக்கூடத் தாண்டாது என்பது ஒன்று. இரண்டாவதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

“ஊக்கா இருக்கப் போகுது, பாரு.”

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. பேட்ரிசியாவுக்கு அது பெரிய தண்டனையாகத் தோன்றவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் பழைய கட்டுரைகளைப் படிக்கப் படிக்க அவனே ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அது வாயுவில் இருக்கும் பொட்டாசியமாக இருக்கலாம் என்று சிலர் எழுதியிருந்தார்கள். கருவியின் கோளாறாக இருக்கலாம் என்று வேறு சிலர். 2016-இல் மேலே போன ஒரு ஜப்பானியச் செயற்கைக்கோள், செயலிழந்து போவதற்கு முன் கிடைத்த சில வாரங்களில் பெர்சியஸை உற்றுப் பார்த்தது; அதற்கு அந்த மேடு தட்டுப்படவே இல்லை. இதை அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன அன்று, பேட்ரிசியா தோசைக்கல்லில் ஒரு முட்டையை அதிகமாக உடைத்து ஊற்றினாள்.

இந்த நேரத்தில்தான் பெலிண்டாவின் அப்பா வந்தார்.

பெலிண்டா லால்குடியில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறவள். பிரவீன்ராஜ் படித்த கல்லூரியிலேயே படித்தவள். இருவருக்கும் ஐந்து வருடப் பழக்கம். அவளுடைய அப்பா பாக்கியநாதன், ஓய்வுபெற்ற நில அளவையர். முப்பது வருடம் சங்கிலி பிடித்து வயலையும் வாய்க்காலையும் அளந்தவர். எல்லைக் கல்லைத் தன் கையால் தொட்டுப் பார்க்காமல் ஒரு வரைபடத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. வரப்பில் எலுமிச்சம்பழம் புதைப்பவர்களையும், கையில் கயிறு கட்டுபவர்களையும், செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் கோயிலுக்கு ஓடும் தன் மனைவியையும் அவர் ஒரே தட்டில் வைத்துக் கிண்டல் செய்வார்.

அவருக்குச் சாதி, வீடு, குடும்பம் எதிலும் ஆட்சேபம் இல்லை. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று தெரிந்தால் போதும் என்றுதான் வந்தார். பிரவீன்ராஜ் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நாற்பது நிமிடம் விளக்கினான். பாக்கியநாதன் ஒரு மாணவனைப் போலக் கேட்டார். கடைசியில் இரண்டே கேள்விகள் கேட்டார். அந்தப் பொருளை யாராவது பார்த்திருக்கிறார்களா? இல்லை. அது அங்கே இருக்கிறது என்று தம்பிக்கு நிச்சயமா? நிச்சயம், அங்கிள், என்று பிரவீன்ராஜ் கொஞ்சம் வேகமாகவே சொன்னான்.

பேட்ரிசியா வைத்த காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்:

“தம்பி நல்ல பையன்தான்ம்மா. ஆனா நாளைக்கு லால்குடியில நாலு பேரு, மாப்பிள்ளை என்ன பண்றாருன்னு கேப்பாங்க. எனக்கே புரியாததை நான் எப்படிச் சொல்றது? கல்லே இல்லாத இடத்துல எல்லை இருக்குங்கறாரு. புரியட்டும், பேசலாம்.”

அதற்குப் பிறகு இரண்டு முறை போனிலும் விளக்கினான். ஒரு முறை படம் வரைந்து அனுப்பினான். பாக்கியநாதன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அளவுகோல் எங்கே என்று கேட்டு எழுதினார். இதற்கிடையில் திண்டுக்கல்லிலிருந்து ஒரு வரன் வந்தது. என்ன வேலை என்று கேட்டால் பேங்க் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய மாப்பிள்ளை. தவக்காலத்தில் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். அந்த ஓலையில் பெலிண்டாவின் பெயருக்குப் பக்கத்தில் யார் பெயர் வரும் என்பதை ஈஸ்டருக்குள் முடிவு செய்துவிடுவதாக பாக்கியநாதன் வீட்டில் சொல்லியிருந்தார். அதற்கு மூன்று வாரம் இருந்தது.

பிரவீன்ராஜ் பலகையை அழித்துவிட்டு அதன் முன்னால் சும்மா உட்கார ஆரம்பித்தான். பேட்ரிசியாவுக்கு அது பிடிக்கவில்லை. பலகை காலியாக இருந்தால் துணி மடிக்க இடம் கிடைக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் அந்த அறைக்குள் போகவே மனம் வரவில்லை.

அந்த வாரம் பாக்கியநாதனுக்கு இருமல் வந்து இருபது நாள் ஆகியிருந்தது. மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். லால்குடியிலேயே எடுக்கலாம். ஆனால் பெலிண்டா, பேட்ரிசியா அக்காதான் நன்றாக எடுப்பார்கள் என்று சொல்லி அப்பாவை பாசஞ்சர் ரயிலில் ஏற்றி ஸ்ரீரங்கத்தில் இறக்கிவிட்டாள். பிரவீன்ராஜ் அந்த நேரத்துக்குத் தற்செயலாக அந்தச் சந்துப் பக்கம் வந்திருந்தான். இந்தத் தற்செயலுக்காகக் காலையில் சட்டை வேறு இஸ்திரி போட்டிருந்தான்.

பேட்ரிசியா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். செயின், மெடல், தாயத்து ஏதாவது? பாக்கியநாதன் சிரித்தார். அந்தச் சமாச்சாரமெல்லாம் தன்னிடம் ஏது என்றார். சட்டையைக் கழற்றி மாட்டினார். பனியனையும் கழற்றச் சொல்ல வேண்டும். அங்கேதான் பேட்ரிசியா ஒரு நிமிடம் தடுமாறினாள். யாராக இருந்தாலும், கலெக்டராக இருந்தாலும், அவள் பனியனோடு படம் எடுத்ததில்லை. ஆனால் சம்பந்தியாக வரக்கூடிய மனிதரிடம், அதுவும் இன்னும் முடிவு சொல்லாத மனிதரிடம், பனியனைக் கழற்றுங்கள் என்று ஒரு பெண் எப்படிச் சொல்வது? அவரும் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றார். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவரைப் பலகைக்கு மார்பைக் கொடுத்து நிற்கவைத்து, தோளை முன்னால் தள்ளி, ஈயத் தடுப்புக்குப் பின்னால் வந்து தன் மூன்று வாக்கியங்களையும் சொன்னாள். திரையில் படம் வந்தது.

இடது பக்கம், நெஞ்சுக்கு நேரே, பளிச்சென்று ஒரு வெள்ளை வட்டம்.

படம் எடுத்ததும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த பெலிண்டாதான் முதலில் அதைக் கண்டாள். அவள் ‘அப்பா’ என்று கூப்பிட்ட குரலில் ‘அப்பா’ என்ற சொல்லைத் தவிர எல்லாம் இருந்தது. அவளுக்குப் பின்னால் வந்த பிரவீன்ராஜ் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளிறிப்போனான். எக்ஸ்ரேயில் வரும் புதிய சமிக்ஞையைப் படிப்பதற்கென்றே நாலு வருடம் செலவழித்தவன், இரண்டு சென்டிமீட்டர் இருக்கும், நுரையீரலிலேயே இருக்கிறது, உடனே பெரிய மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னான். யார் யாரைக் கேட்கலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டான்.

பாக்கியநாதன் பனியனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

பேட்ரிசியா திரையை இன்னொரு முறை பார்த்தாள். வட்டத்துக்கு மேலே மெல்லிய கோடு ஒன்று, நுனியில் ஒரு சின்ன வளையத்தோடு. அவளுடைய பிஸ்கட் டின்னில் அந்தக் கோடு நூற்றுக்கணக்கில் இருந்தது.

“ரெண்டு பேரும் வெளியில போங்க,” என்றாள். “திரும்ப எடுக்கணும்.”

கதவைச் சாத்தினாள். பிறகு பாக்கியநாதன் மெதுவாகத் திரும்பி, பனியனுக்குள் கையை விட்டு, ஒரு ஊக்கைக் கழற்றினார். அதில் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு அந்தோணியார் டாலர் தொங்கியது.

இருமல் நிற்காததால் பத்து நாளைக்கு முன்பு தானே கோயிலுக்குப் போய், மந்திரிக்கச் சொல்லி வாங்கியதாகச் சொன்னார். மனைவிக்குத் தெரியாது. தெரிந்தால் முப்பத்தைந்து வருடத்துக் கிண்டலையும் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். துவைக்கப் போடும்போது கழற்றி, மறுபடி குத்திக்கொள்வதே பெரும்பாடாக இருப்பதாகவும் சொன்னார். இருமல் பயம் கொஞ்சம் இருந்தது என்று கடைசியில், தரையைப் பார்த்தபடி, சேர்த்துக்கொண்டார்.

பேட்ரிசியா ஒரு பழைய எக்ஸ்ரே கவரை எடுத்து நீட்டினாள். டாலர் உள்ளே போனது. தப்பு என்னுடையதுதான் சார், பனியனைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும், கூச்சப்பட்டுவிட்டேன் என்றாள். இரண்டாவது படத்தில் வட்டம் இல்லை. இருந்த இடத்தில் விலா எலும்பு ஒன்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மற்றதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; அது அவள் வேலையில்லை.

பாக்கியநாதன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்:

“உள்ளே இல்ல, வெளியிலதான்னு எப்படிம்மா அவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சுது?”

உடம்புக்குள் வளர்வது எதுவும் இவ்வளவு சுத்தமான வட்டமாக வளராது என்றாள் பேட்ரிசியா. அதோடு நின்றிருப்பாள். ஆனால் கதவுக்கு வெளியே தம்பி நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக, நிற்காமல். அவளுக்கு அந்தக் காலிப் பலகை நினைவுக்கு வந்தது. அன்று பதினேழு வருடத்தில் இல்லாத அளவுக்கு அவள் பேசினாள்.

“தம்பி பண்றதும் இதான் சார். அவன் படத்துலயும் ஒரு வட்டம் விழுந்திருக்கு. அது அந்தக் கொத்துக்கு உள்ள இருக்கிற கரும்பொருளா, இல்ல வெளியில இருக்கிற ஊக்கா, அதான் கேள்வி. உங்களை நான் பனியனைக் கழட்டச் சொல்லலாம். வானத்தைச் சொல்ல முடியாது. திரும்பி நில்லுங்கன்னும் சொல்ல முடியாது. வேற வேற மெஷின வச்சு, வேற வேற கொத்தைப் பார்க்கறதுதான் வழி.”

பாக்கியநாதன் பொத்தான் போடுவதை நிறுத்தினார். ஒரு கல்லிலிருந்து அளந்தது சரியா என்று பார்க்க இன்னொரு கல்லிலிருந்து அளப்பது மாதிரி, என்றார். அதேதான் என்றாள். எல்லா மெஷினிலும், எல்லாக் கொத்திலும் விழுந்தால் பனியன் காரணம் இல்லை என்றாகும். ஒரே மெஷினில் மட்டும் விழுந்தால் மெஷினின் ஊக்கு. இரண்டுக்கும் நடுவில் பொட்டாசியம் என்று ஒரு ஆள் வேறு நின்றுகொண்டு குழப்புகிறான்.

அவருக்குச் சுவாரசியம் பிடித்துவிட்டது. தம்பி அன்றைக்கு ஏதோ குறைகிறது என்றும் கூடுகிறது என்றும் சொன்னாரே, ஒரே இடத்தில் எப்படி இரண்டும் நடக்கும் என்று கேட்டார். அதில்தான் அவர் பயங்கரமாகக் குழம்பியிருந்தார். பெர்சியஸின் நடுவே பிரகாசமான ஒரு புள்ளி இருக்கிறது. அதை மட்டும் நேராகப் பார்த்தால் மூன்றரையில் மேட்டுக்குப் பதில் பள்ளம். பரந்து பார்த்தால் மேடு. 2017-இல் சிலர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். பலகையில் அது ஒரு பக்கம் சமன்பாடாக இருந்தது.

பேட்ரிசியா ஈயத் தடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

“எக்ஸ்ரே விடுற ட்யூப் உங்களைப் பார்த்துதான் இருக்கு. அப்புறம் நான் எதுக்கு இதுக்குப் பின்னாடி ஒளியறேன்?”

அவர் ட்யூபையும் தடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்களாலதான் சார். உங்க உடம்பு எக்ஸ்ரேயை வாங்கிக்கும். அதனால நேரே போறது குறையும். வாங்கினதுல கொஞ்சத்தை நாலா பக்கமும் விசிறி விடும். அதனால பக்கத்துல நிக்கிறவங்களுக்குக் கூடும்.”

“நானா விசிறினேன்?”

“இப்ப ரெண்டு தடவை.”

பாக்கியநாதன் தன் மார்பையும் கைகளையும் ஒரு புதிய மரியாதையோடு பார்த்துக்கொண்டார். அந்தக் கரும்பொருளும் அப்படி வாங்கி விசிறுகிறது என்பதுதான் அந்த விளக்கம் என்றாள் பேட்ரிசியா. தன் அறையில் நடப்பது சிதறல்தான். அங்கே நடப்பதாக அவர்கள் சொல்வது மூன்றரையை மட்டும் குறிவைத்து வாங்கி, மூன்றரையாகவே திருப்பி விசிறும் கொஞ்சம் பிகு பண்ணுகிற வகை. ஆனால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நேரே குறையும், சுற்றிலும் கூடும்.

“அது நிஜமாம்மா?”

“அதை அவன்கிட்டதான் கேக்கணும்,” என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்தாள். கேட்டால் தம்பி என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். நிச்சயம், அங்கிள், என்பான்.

வெளியே பெலிண்டாவின் கண்கள் சிவந்திருந்தன. ஒன்றும் இல்லை, மெஷினில் ஏதோ என்று பாக்கியநாதன் பொதுவாகச் சொன்னார். பேட்ரிசியாவின் மெஷின் அந்தப் பழியை அமைதியாக ஏற்றுக்கொண்டது. டாலர் இருந்த கவரை அவர் கக்கத்தில் இடுக்கியிருந்தார். பிறகு பிரவீன்ராஜின் முன்னால் போய் நின்றார்.

“ஒரே கேள்வி தம்பி. உங்க மூன்றரை, கரும்பொருளா? ஊக்கா?”

பிரவீன்ராஜ் திரும்பி அக்காவைப் பார்த்த பார்வையில், நீ இதை இவரிடமும் சொல்லிவிட்டாயா என்ற கேள்வி இருந்தது. பேட்ரிசியா சுவரில் இருந்த கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கைப் பலகையைப் படிக்க ஆரம்பித்தாள். பெலிண்டா கைப்பையின் வாரை முறுக்கினாள். திண்டுக்கல் மாப்பிள்ளையின் பேங்க் அந்தச் சிறிய கூடத்தில் எங்கேயோ வந்து உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

பிரவீன்ராஜ் வாயைத் திறந்தான். நிச்சயம் என்ற சொல்லின் முதல் எழுத்துவரை வந்துவிட்டது. அப்போது, பத்து நிமிடத்துக்கு முன்னால் இதே திரையில் ஒரு வட்டத்தைப் பார்த்துவிட்டு நுரையீரல், பெரிய மருத்துவர் என்றெல்லாம் தான் உளறியது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டான். மறுபடி திறந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“ஊக்காத்தான் இருக்கும்னு இப்ப பல பேர் நினைக்கிறாங்க, அங்கிள். நானும் பாதி நாள் அப்படித்தான் நினைக்கிறேன். புதுசா ஒரு ஜப்பான் சேட்டிலைட் போயிருக்கு, இன்னும் கூர்மையாப் பார்க்கும். அது ஊக்குன்னு சொல்லிட்டா என் தீசிஸ்ல பாதி போயிடும். ஆனா அன்னிக்கு உங்ககிட்ட நிச்சயம்னு சொன்னேன் பாருங்க, அது பொய்.”

“ஏன் சொன்னீங்க?”

“பொண்ணு கேட்டு உக்காந்திருக்கேன். தெரியாதுன்னா எப்படிச் சொல்றது?”

பாக்கியநாதன் யோசிக்கும்போது வலது கையின் கட்டைவிரல் தானாகவே சங்கிலியின் கண்ணிகளை எண்ணுவதுபோல் நகரும். அது நகர்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு நோயாளிகள்கூட, விஷயம் புரியாமலேயே அவர் முகத்தைப் பார்த்தார்கள். கட்டைவிரல் நின்றது.

“சரி,” என்றார். “இனிமே நாலு பேரு கேட்டா நான் சொல்லிக்குவேன். ஈஸ்டர் கழிச்சு ஓலை கொடுத்துடலாம்.”

யாரும் அசையவில்லை. பெலிண்டா அப்படியே நின்றாள். பிரவீன்ராஜ் அவர் சொன்னதில் எங்காவது ‘ஆனால்’ இருந்ததா என்று தேடுவதுபோல் நின்றான்.

“மூச்சு விடலாம்,” என்றாள் பேட்ரிசியா.

அவள் பழக்கதோஷத்தில் சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா என்று தம்பி இன்றுவரை கேட்டுப் பார்த்துவிட்டான். பதில் வரவில்லை. ஆனால் அன்று எல்லோரும் மூச்சு விட்டார்கள், சம்பந்தமில்லாத இரண்டு நோயாளிகள் உட்பட.

மருத்துவரின் அறிக்கையில் நெஞ்சு சுத்தம் என்று வந்தது. அறுவடைத் தூசி தொண்டையைப் பிடித்துக்கொண்ட இருமல்தான். ஒரு பாட்டில் மருந்தில் அடங்கியது. அடங்கியது மருந்தினாலா வேறெதனாலா என்பதில் பாக்கியநாதன் வெளிப்படையாகக் கருத்து எதுவும் சொல்லவில்லை.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, கல்யாணம் லால்குடியில் நடந்தது. பேட்ரிசியா பட்டுப்புடவை கட்டி, வாசலில் பன்னீர் தெளிக்கும் இடத்தில் மூன்று மணி நேரம் நின்று, மொத்தம் ஒரே சொல்லைச் சொன்னாள்: வாங்க. பாக்கியநாதன் ஒரு முறை அவசரமாக அவள் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, கைப்பையில் ஊக்கு ஏதாவது இருக்குமா என்று கேட்டார். அவள் எதுவும் விசாரிக்காமல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நல்ல பெரிய ஊக்கு. மயிலம்மாளுடைய பதினொன்றில் ஒன்று.

பந்தியில் உறவினர் ஒருவர், எதிர்பார்த்திருந்த கேள்வியையே பாக்கியநாதனிடம் கேட்டார். மாப்பிள்ளை என்ன பண்றாரு? பாக்கியநாதன் அதற்காகவே ஒரு மாதமாகத் தயாராக இருந்தவர்போல் இலையிலிருந்து கையை எடுத்தார்.

“வானத்தை எக்ஸ்ரே எடுத்து, அதுல ஊக்கு இருக்கான்னு தேடுறாரு.”

உறவினர் அப்பளத்தை நொறுக்கியபடியே அதைக் கொஞ்ச நேரம் மென்றார்.

“கிடைச்சுதா?”

“கிடைக்கக் கூடாதுங்க,” என்றார் பாக்கியநாதன், பெருமையாக. “கிடைக்கலேன்னாத்தான் விசேஷம்.”

உறவினர் தலையாட்டினார். பேங்க் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அழுத்தமாக ஆட்டியிருக்க மாட்டார். இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த பேட்ரிசியா பாயசத்தை வாங்கிக்கொண்டே, பாக்கியநாதனின் புதுச் சட்டையைக் கவனித்தாள். இடது பக்கம், நெஞ்சுக்கு நேரே, சின்னதாக ஒரு வட்டம் மேடு தட்டியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்து, அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.